உண்மை வாழ்வைச் சொல்லும் வரலாற்று நாவலும் வாசகரின் எதிர்வினையும்: கொங்கு நாட்டிலிருந்து ஓர் அறிமுகம்

ஒரு நாவலைப் படிக்கும்போதும் படித்து முடித்த பின்னும் வாசகரிடம் எழும் கண்ணீர், பெருமை, கூச்சம், சினம், ஐயம், மறுப்பு, மேலும் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தேடல் ஆகிய அனைத்தையும் சேர்த்தே வாசக எதிர்வினை என்கிறோம். எல்லா வகை நாவலுக்கும் இது உண்டு. ஆனால் உண்மையில் வாழ்ந்த மனிதர்களையும் உண்மையில் நடந்த போராட்டங்களையும் அடிப்படையாகக் கொண்ட நாவலுக்கு வரும் எதிர்வினை தன்மையிலேயே வேறானது. முழுக் கற்பனையில் பிறந்த ஒரு பண்ணையாருக்காக யாரும் ஊர்க் கடையடைப்பு நடத்துவதில்லை. கற்பனை ஆலையில் வேலை செய்த தொழிலாளியின் பேரன் எழுத்தாளரைத் தேடிவந்து திருத்தம் சொல்வதுமில்லை. உண்மை வாழ்வைச் சொல்லும் நாவலுக்கு இந்த இரண்டும் நிகழ்கின்றன. ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் நடைபெறும் ஈரோடு புத்தகத் திருவிழா போன்ற இடங்களில் இத்தகைய நாவலை வாங்குபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: “இதெல்லாம் நெசமாலுமே நடந்துச்சுங்களா?”

அந்தக் கேள்விக்கு ஆம், இல்லை என்று ஒற்றைச் சொல்லில் விடை சொல்ல முடியாது. ஏனெனில் இத்தகைய நாவலில் ஆவணம், வாய்மொழி நினைவு, எழுத்தாளரின் கற்பனை ஆகிய மூன்றும் கலந்திருக்கின்றன. தீரன் சின்னமலையின் கதையைக் கொண்டு இதை எளிதில் விளக்கலாம். காங்கயம் அருகே மேலப்பாளையத்தில் 1756-இல் பிறந்த அவர் ஆங்கிலேயக் கும்பினிப் படையோடு போரிட்டு, 1805-இல் சங்ககிரிக் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார் என்பது வரலாறு. மைசூருக்குச் சென்ற வரிப்பணத்தை வழிமறித்துப் பறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவே ஒரு சின்னமலை பறித்துக்கொண்டதாகச் சொல்லுங்கள் என்று அவர் சொல்லியனுப்பியது தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் நினைவு. ஓடாநிலைக் கோட்டையை விட்டு நீங்கிய இரவில் அவர் யாரிடம் என்ன பேசினார் என்பதை எந்த ஆவணமும் எழுதி வைக்கவில்லை. அதை நாவலாசிரியர்தான் எழுதியாக வேண்டும். இந்த மூன்றும் ஒரே நடையில், ஒரே பத்தியில், தையல் தெரியாமல் இணைந்து வருவதுதான் நாவலின் கலை. வாசகரின் குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

இலக்கியக் கோட்பாட்டாளர்கள் இதை வேறொரு பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் ஹான்ஸ் ராபர்ட் யாவ்ஸ் 1967-இல் கான்ஸ்டன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், எந்த வாசகரும் வெறும் மனத்தோடு நூலைத் திறப்பதில்லை, முன்னரே கேட்டவையும் படித்தவையும் நம்பியவையும் சேர்ந்த ஓர் எதிர்பார்ப்போடுதான் திறக்கிறார் என்று வாதிட்டார். கொங்கு நாட்டு வாசகருக்கு இது மிகவும் பொருந்தும். சின்னமலையைப் பற்றிய நாவலைத் திறப்பவர் அவரது கதையைத் தாத்தாவிடமோ, பள்ளி விழா நாடகத்திலோ, ஆடிப் பதினெட்டு அன்று நடைபெறும் நினைவு நிகழ்ச்சியிலோ ஏற்கெனவே கேட்டிருப்பார். வரிப்பணத்தைப் பறிக்கும் காட்சி எந்தப் பக்கத்தில் வரும் என்று காத்துக்கொண்டே படிப்பார். அதை வாய்மொழிக் கதை என்று கருதி எழுத்தாளர் தவிர்த்துவிட்டால் தன்னிடமிருந்து எதையோ பறித்துவிட்டதாக எண்ணுவார். நாவல் மோசமாக எழுதப்பட்டிருந்தால்கூட மன்னித்துவிடும் வாசகர், எதிர்பார்த்த காட்சி இல்லாததை மன்னிப்பதில்லை.

எதிர்பார்ப்பு எல்லோருக்கும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் சேர்த்தே கவனிக்க வேண்டும். சின்னமலையின் படையில் இருந்து, 1805-இல் ஆங்கிலேயரால் கொல்லப்பட்ட பொல்லானை முன்னோராகவும் மாவீரராகவும் போற்றும் அருந்ததிய மக்கள் அதே நாவலில் தேடுவது வேறொரு பெயரை. அவர் பெயர் இல்லாமலிருப்பதும், ஏவல் செய்பவராக ஒரு வரியில் வந்து மறைவதும் அவர்களுக்கு ஒன்றுதான். அரச்சலூரை அடுத்த ஜெயராமபுரத்தில் அவருக்கு நினைவு மண்டபம் வேண்டும் என்று நெடுங்காலம் எழுந்த கோரிக்கையும், “எங்க சனத்தப் பத்தி ஒரு வரி இல்லீங்களே” என்று ஒரு வாசகர் சொல்வதும் ஒரே இடத்திலிருந்து வருபவை. நூலில் இருப்பதற்கு மட்டுமின்றி, நூலில் இல்லாததற்கும் வாசகர் எதிர்வினை ஆற்றுகிறார்.

எதிர்வினைகளை வகைப்படுத்துவதற்கு நாம் மேலைநாட்டுக் கோட்பாட்டோடு நிற்க வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளை, அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளை, எடுத்துக்கூறி, ஒவ்வொன்றும் எந்த நான்கு காரணங்களால் பிறக்கும் என்றும் சொல்கிறது. உண்மைப் போராட்டங்களைச் சொல்லும் நாவல்களைப் பொறுத்தவரை நாம் மிகுதியாகக் காண்பது அழுகை, இளிவரல், பெருமிதம், வெகுளி ஆகிய நான்கையே. பெருமிதம் பிறக்கும் இடங்களாகத் தொல்காப்பியர் கூறும் கல்வி, தறுகண், இசைமை, கொடை என்பவற்றில் தறுகண்ணும் இசைமையும், அதாவது அஞ்சாமையும் புகழும், சின்னமலை நாவல்களுக்கு வரும் எதிர்வினையை ஏறக்குறைய முழுவதுமாக விளக்கிவிடுகின்றன. பெருமிதத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல அதிகமில்லை. அது இனிய உணர்வு, ஆனால் அதில் நிற்கும் வாசகர் புதிதாக எதையும் கேட்பதில்லை. மற்ற மூன்றும்தான் கூர்ந்து பார்க்கத்தக்கவை.

அழுகையிலிருந்து தொடங்கலாம். ச. பாலமுருகன் எழுதி 2004-இல் வெளிவந்த ‘சோளகர் தொட்டி’, சத்தியமங்கலத்துக்கு மேலேயுள்ள மலைக்காடுகளில் வாழும் சோளகர் பழங்குடியினரின் வாழ்வையும், வீரப்பன் தேடுதல் என்ற பெயரில் தமிழக, கர்நாடக அதிரடிப் படைகள் அவர்கள்மீது நடத்திய சித்திரவதைகளையும் சொல்லும் நாவல். நூலாசிரியர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் ஈடுபட்டவர், பாதிக்கப்பட்டவர்களை நேரில் அறிந்தவர். இந்நாவலைப் படித்தவர்களிடம் பேசினால், பின்பாதியை ஒரே மூச்சில் படிக்க இயலாமல் மூடிவைத்துவிட்டதாகப் பலரும் சொல்வார்கள். இழவையும் இளிவையும் அழுகைக்குக் காரணங்களாகத் தொல்காப்பியம் அடுத்தடுத்து வைத்திருக்கிறது: உயிரையும் உடைமையையும் இழப்பது, பிறரால் இழிவுபடுத்தப்படுவது. இந்த நாவலின் பின்பாதியில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக வருகின்றன.

ஆனால் பின்பாதியின் கொடுமை மட்டுமே வாசகரை அழவைப்பதாக நான் கருதவில்லை. முன்பாதியில் நாவல் அவசரமில்லாமல் அந்த மக்களின் விதைப்பையும், சடங்கையும், ஆட்டத்தையும், காட்டோடு அவர்களுக்கிருந்த உறவையும், நிலம் அவர்களிடமிருந்து நழுவும் விதத்தையும் சொல்கிறது. அந்தத் தொட்டியில், அதாவது அந்தப் பழங்குடிச் சிற்றூரில், நாமும் சில நாள் தங்கியிருந்துவிட்டோம் என்ற எண்ணம் வந்த பிறகே படை உள்ளே நுழைகிறது. ஆவணத்துக்கும் நாவலுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே தெளிவாகக் காணலாம். தேசிய மனித உரிமை ஆணையம் 1999-இல் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. 2007-இல் பாதிக்கப்பட்ட 89 பேருக்கு மொத்தம் 2 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தது. இந்த எண்கள் இன்றியமையாதவை. கொடுமை நடந்தது என்பதை ஆணையமே ஏற்றுக்கொண்டதற்கான சான்று அவை. எனினும் 89 என்ற எண்ணைப் படித்து யாரும் புத்தகத்தை மூடிவைப்பதில்லை. அந்த 89 பேரில் ஒருவர் அதற்கு முந்தைய ஆண்டு எந்தக் கொல்லையில் ராகி விதைத்தார் என்று தெரியவரும்போதுதான் எண் மனிதராகிறது. அந்த வேலையை நாவல் செய்கிறது.

இதே நூலுக்கு வேறொரு எதிர்வினையும் உண்டு. “நானும் அந்தப் பக்கம் எத்தனையோ தடவ பஸ்ஸுல போயிருக்கறனுங்க, ஒண்ணுமே தெரியலீங்களே” என்பதுபோல் சமவெளி வாசகர்கள் சொல்வதைக் கேட்கலாம். திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறித் தாளவாடிக்கும் மைசூருக்கும் சென்றவர்கள், பாதையிலிருந்து விலகிக் காட்டுக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதை அறியாமலேயே கடந்து போயிருக்கிறார்கள். இந்தக் கூச்சத்தை இளிவரல், அதாவது இழிவுணர்வு, என்ற வகையில் சேர்க்கலாம். பிறர் படும் துன்பத்துக்கு இரங்கும் அழுகையோடு, நாம் எங்கே இருந்தோம் என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளும் கேள்வியும் இதில் இருக்கிறது.

வால்பாறையைக் களமாகக் கொண்ட நாவல் இந்தக் கூச்சத்தை இன்னும் கூர்மையாக எழுப்புகிறது. ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றிய பி. எச். டேனியல், பழைய தொழிலாளர்களிடம் கேட்டறிந்தவற்றைக் கொண்டு ஆங்கிலத்தில் எழுதிய நாவல் 1969-இல் வெளிவந்தது, இரா. முருகவேள் அதைத் தமிழாக்கி ‘எரியும் பனிக்காடு’ என்ற பெயரில் 2007-இல் வெளியிட்டார். 1920-களில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து முன்பணம் கொடுத்து மேஸ்திரி அழைத்துவந்த கருப்பனும் வள்ளியும், கடன் தீராமல், மலேரியாவுக்கும் அடக்குமுறைக்கும் நடுவே மலையில் சிக்கிக்கொள்வதைச் சொல்லும் கதை அது. பொள்ளாச்சியிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் பசுமையைப் பார்க்கப் போகும் கோவை வாசகர், இந்நூலைப் படித்தபின் அந்தப் பசுமையைப் பழைய கண்ணோடு பார்க்க இயலாது. எவ்வளவோ ஆண்டுகளாகப் புகைப்படம் எடுத்துக்கொண்ட சரிவுகளில் எத்தனை பேர் புதைக்கப்பட்டார்கள் என்று கணக்கிடத் தோன்றும்.

கருப்பனும் வள்ளியும் கற்பனைப் பாத்திரங்கள். அந்தப் பெயர்களில் அந்த வாழ்வை வாழ்ந்த இருவரை யாரும் காட்ட முடியாது. ஆயினும் அவர்களுக்கு நேர்ந்தவை பலருக்கு நேர்ந்தவை. உண்மை வாழ்வை அடிப்படையாகக் கொண்டது என்ற சொற்றொடருக்கு இதுவும் ஒரு பொருள் என்பதை முதன்முதலாக இவ்வகை நூலைப் படிப்பவர் மனத்தில் கொள்ள வேண்டும். சின்னமலை நாவலில் பெயரும் உண்மை, ஆளும் உண்மை. பனிக்காட்டில் பெயர் கற்பனை; வாழ்வு உண்மை. முதல் வகையை ‘தேதி தப்பு’ என்று மறுக்கலாம். இரண்டாவது வகையைத் தேதி கொண்டு மறுக்க முடியாது. அதனாலேயே அதற்கு வரும் எதிர்வினை பெரும்பாலும் மறுப்பாக இல்லாமல் சாட்சியாக அமைகிறது. இந்நாவலைத் தழுவி 2013-இல் வந்த ‘பரதேசி’ திரைப்படத்தில் மருத்துவர் மதமாற்றம் செய்பவராகக் காட்டப்பட்டபோது எழுந்த கண்டனமும் இங்கே நினைக்கத்தக்கது. அந்தத் தோட்டங்களில் தொழிலாளர் பக்கம் நின்ற ஒரு மருத்துவர் எழுதிய நூலிலிருந்து எடுத்த கதையில் மருத்துவரையே அப்படி மாற்றலாமா என்று கேட்டவர்கள், நாவலுக்குள் இருந்த உண்மையின் சார்பில் திரைப்படத்தோடு வாதிட்டார்கள்.

வெகுளிக்கு வருவோம். உறுப்பறை, குடிகோள், அலை, கொலை என்ற நான்கினால் வெகுளி பிறக்கும் என்கிறது தொல்காப்பியம். உறுப்பைச் சிதைத்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல் ஆகியவற்றைக் கண்டு எழும் சினம் ‘சோளகர் தொட்டி’யைப் படிப்பவரின் சினம், அது கொடுமை செய்தவர்மேல் பாய்கிறது. குடிகோள் என்பதற்கு மனைவி, சுற்றம், குடிப்பிறப்பு முதலியவற்றுக்குக் கேடு சூழ்தல் என்று உரை சொல்வதுண்டு. தம் குடிக்கு நூலே கேடு செய்துவிட்டது என்று வாசகர் எண்ணும்போது சினம் கதைக்குள் இருப்பவரை விட்டுவிட்டு எழுத்தாளர்மேல் திரும்புகிறது.

கொங்கு நாட்டில் இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’. 2010-இல் வெளிவந்த அந்நாவல், குழந்தையில்லாத காளி, பொன்னா என்ற தம்பதியரையும், குழந்தை வேண்டும் பெண் திருவிழா இரவில் வேற்று ஆணோடு கூடலாம் என்று திருச்செங்கோட்டுத் தேர்த் திருவிழாவையொட்டி முன்பு இருந்ததாகச் சொல்லப்படும் ஒரு வழக்கத்தையும் மையமாகக் கொண்டது. நான்கு ஆண்டுகள் பெரிய எதிர்ப்பின்றி வாசிக்கப்பட்ட நூலுக்கு 2014-இன் இறுதியில் எதிர்ப்பு எழுந்தது. நூலின் பக்கங்கள் படியெடுக்கப்பட்டுப் பரப்பப்பட்டன. 2015 ஜனவரியில் திருச்செங்கோட்டில் கடையடைப்பு நடந்தது. நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சுவார்த்தைக்குப் பின், எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துவிட்டான் என்று அவர் அறிவித்தார். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நூலுக்கெதிரான கோரிக்கைகளைத் தள்ளுபடி செய்து, அவர் தாம் சிறப்பாகச் செய்யக்கூடியதை, அதாவது எழுதுவதைத் தொடரட்டும் என்று தீர்ப்பை முடித்தது.

இந்த நிகழ்வில் தொடக்க வாசகர் கற்க வேண்டியது, சினம் எதைப் பற்றிக்கொண்டு வளர்ந்தது என்பதை. கதை ஒரு தம்பதியைப் பற்றியது. ஆனால் ஊரின் பெயர் உண்மைப் பெயராக இருந்தது, கோயில் உண்மைக் கோயிலாக இருந்தது, முன்னுரையில் கள ஆய்வு பற்றிய குறிப்பும் இருந்தது. எனவே எதிர்த்தவர்கள் அதை நாவலாகக் கொள்ளாமல் தம் ஊரைப் பற்றிய வாக்குமூலமாகக் கொண்டு, சான்று எங்கே என்று கேட்டார்கள். பின்னாளில் ஊரின் பெயர் மாற்றப்பட்டது. உண்மைப் பெயர் வாசகருக்கு நம்பிக்கை தருகிறது. அதே பெயர் அந்த ஊர்க்காரருக்கு உறுத்துகிறது. தம் பாட்டியைப் பற்றி எழுதிவிட்டார்களோ என்று ஒருவர் நோவதை நான் எள்ளி நகையாட மாட்டேன். அது மெய்ப்பாடுதான், நேர்மையான மெய்ப்பாடாகவும் இருக்கலாம். ஆனால் படியெடுத்த இரண்டு பக்கங்களைப் படித்துவிட்டு எழும் சினத்தை வாசக எதிர்வினை என்று அழைப்பது தவறு, ஏனெனில் அங்கே வாசிப்பு நடக்கவில்லை. முழு நூலையும் படித்தவர்கள் பொன்னாவை இழிவாகப் பார்த்ததாக நான் அறியவில்லை. அவள்மேல் இரக்கம் கொண்டவர்களையே மிகுதியும் கண்டிருக்கிறேன்.

சான்று கேட்கும் இந்த வழக்கம் நாவலோடு வந்தது என்பதும் கருதத்தக்கது. கொங்கு நாட்டில் அண்ணன்மார் கதை உடுக்கையோடு இரவு இரவாகப் பாடப்படுகிறது. பொன்னரும் சங்கரும் மடியும் படுகளக் காட்சியில் கேட்பவர்களிலேயே சிலர் அருள்வந்து பிணம்போல் விழுகிறார்கள். பின்னர் தீர்த்தம் தெளித்து எழுப்பப்படுகிறார்கள். கேட்பவரின் எதிர்வினை இதைவிட முழுமையாக இருக்க முடியாது. ஆனால் அங்கே யாரும் ஆண்டு என்ன, கல்வெட்டு எங்கே என்று கேட்பதில்லை. அச்சிட்ட நூலைத் தனியாக உட்கார்ந்து படிக்கும்போது, அதிலும் தேதியும் ஊர்ப்பெயரும் இடப்பட்ட நூலைப் படிக்கும்போது, அதே கொங்கு நாட்டவர் ஆவணம் கேட்பவராக மாறிவிடுகிறார். ஒருவேளை பத்திரமும் பட்டாவும் அச்சிட்ட தாளில்தான் இருக்கின்றன என்பதால் அச்சுக்கு நாம் கூடுதல் பொறுப்பைச் சுமத்துகிறோமோ என்னவோ.

எல்லா எதிர்வினைகளிலும் எனக்கு மிக உயர்ந்ததாகத் தோன்றுவது திருத்தமும் சேர்ப்பும். இரா. முருகவேள் எழுதிய ‘முகிலினி’ 2016-இல் வந்தது. பவானி ஆற்றையும், பவானிசாகர் அணையையும், சிறுமுகையில் இயங்கிய செயற்கைப் பட்டிழை ஆலையின் எழுச்சியையும் வீழ்ச்சியையும் பல தலைமுறை மனிதர்கள் வழியே சொல்லும் நாவல் அது. அந்த ஆலையில் வேலை செய்த குடும்பத்தினருக்கு ஆலை என்பது மாதச் சம்பளம், பிள்ளைகளின் படிப்பு, சங்கத்தின் வலிமை. மூடப்பட்ட நாள் துக்க நாள். ஆற்றின் கீழ்ப்புறத்தில் வேளாண்மை செய்தவருக்கு அதே ஆலை கெட்டுப்போன தண்ணீர். மூடப்பட்ட நாள் நிம்மதி நாள். இருவரும் ஒரே நூலை ஒரே உண்மையோடு படித்து இரண்டு விதமாக எதிர்வினை ஆற்றுவார்கள். இருவரில் யாரும் தவறாகப் படிக்கவில்லை. அவர்கள் நூலைக் கீழே வைத்துவிட்டு, “எங்க அப்பாரு சொல்லுவாருங்க, அது அப்பிடி இல்லீங்க” என்று தொடங்கினால், நாவலாசிரியருக்குக் கிடைக்காத ஒன்று அப்போதுதான் வெளியே வருகிறது. சின்னியம்பாளையம் ஆலைத் தொழிலாளர் நால்வர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டதை ஆண்டுதோறும் நினைவுகூரும் குடும்பங்களும் சங்கத்தாரும் இருக்கும் ஊரில், இத்தகைய சேர்ப்புகளுக்குப் பஞ்சமில்லை. கேட்டு எழுதிக்கொள்பவர்தாம் குறைவு.

இவ்வகை நாவலை முதன்முதலாகக் கையிலெடுப்பவர், முன்னுரையையும் பின்னுரையையும் தவறாமல் படிக்க வேண்டும். எதை ஆவணத்திலிருந்து எடுத்தேன், எதைப் புனைந்தேன் என்று நேர்மையான ஆசிரியர் அங்கே ஓரளவேனும் சொல்லியிருப்பார். பின்னட்டையில் ‘உண்மைக் கதை’ என்று அச்சிட்டிருப்பதை விளம்பரமாக மட்டும் கொள்வது நல்லது. படிக்கும்போது சினமோ கண்ணீரோ எழும் பக்கத்தில் ஒரு குறியிட்டு வைத்து, முடித்தபின் திரும்பி வந்து, இது கதைமாந்தருக்கு நேர்ந்ததனால் எழுந்ததா, என் குடிக்கும் என் ஊருக்கும் நேர்ந்ததாக நான் எண்ணியதனால் எழுந்ததா என்று பார்க்கலாம். வீட்டில் அப்பத்தாவோ அப்பிச்சியோ இருந்தால், அந்தப் பகுதியை அவர்களுக்கு வாசித்துக் காட்டலாம். அவர்கள் மறுத்துச் சொல்வதைச் சொன்னவர் பெயர், ஊர், அவருக்கு அது எப்படித் தெரியும் என்ற விவரங்களோடு நாவலின் கடைசி வெற்றுப் பக்கத்திலேயே எழுதி வைத்து, ஒரு படியை ஆசிரியருக்கோ பதிப்பகத்துக்கோ அனுப்பலாம். அடுத்த பதிப்பு வரும்போது அதைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அவர்கள் முடிவு செய்துகொள்வார்கள்.